கன்சோலில் தெரிந்த எண்: லாஸ் ஏஞ்சலிஸ் சிடி மிகைக்கதிர் நிகழ்வு, 2008–2009

2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள சீடார்ஸ்-சைனாய் மருத்துவ மையத்தில் பக்கவாதத்துக்காக மூளை சிடி ஸ்கேன் செய்துகொண்ட நோயாளி ஒருவர், ஸ்கேனுக்குப் பிறகு தமக்கு முடி உதிரத் தொடங்கியிருப்பதாக மருத்துவமனைக்குத் தெரிவித்தார். அந்த ஒரு தகவலிலிருந்து தொடங்கிய விசாரணை, 2008 பிப்ரவரி முதல் ஏறத்தாழ பதினெட்டு மாதங்களாக அங்கே மூளை இரத்தவோட்ட சிடி எடுத்துக்கொண்டவர்கள் அனைவரும் எதிர்பார்த்ததைப் போல எட்டு மடங்கு கதிரைப் பெற்றுவந்தனர் என்பதை வெளிக்கொணர்ந்தது. அக்டோபர் 8 அன்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளியிட்ட முதல் எச்சரிக்கையின்படி, பாதிக்கப்பட்டவர்கள் 206 பேர். தலைக்கு அதிகபட்சம் 0.5 கிரே (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு; ஆயிரம் மில்லிகிரே ஒரு கிரே) சேர வேண்டிய இடத்தில் 3 முதல் 4 கிரே சேர்ந்திருந்தது. சிலருக்கு முடி உதிர்வும் தோல் சிவத்தலும் ஏற்பட்டிருந்தன.

நான் சிடி பிரிவில் பணிபுரியும் ரேடியோகிராபர், அதாவது ஸ்கேனரை இயக்கிப் படமெடுப்பவர். இந்த நிகழ்வைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இயந்திரத்தையும் உற்பத்தி நிறுவனத்தையும் பின்னர் வந்த சட்டத்தையும் சுற்றியே அமைந்திருக்கிறது. ஸ்கேனரை இயக்கும் கன்சோலின் முன் அமர்ந்திருப்பவரின் நாற்காலியிலிருந்து இதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஒரு ஸ்கேனில் எவ்வளவு கதிர் செல்லப்போகிறது என்பதை அந்த இயந்திரங்கள் மறைத்துவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும், ஸ்கேன் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே, அது திரையில் ஓர் எண்ணாகக் காட்டப்பட்டது. இருநூறு நோயாளிகளுக்கு மேல் அந்த எண் தெரிந்தும், அது எவரையும் நிறுத்தவில்லை.

பரிசோதனையின் இயல்பு

சாதாரண மூளை சிடியில் மேசை நகர நகர, மண்டையின் ஒவ்வொரு அடுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு முறை கதிரைப் பெறுகிறது. பெர்ஃப்யூஷன் எனப்படும் இரத்தவோட்டப் பரிசோதனையின் முறை வேறு. முழங்கை மடிப்பிலுள்ள சிரையில் 18 அல்லது 20 கேஜ் கேனுலா போட்டு, பிரஷர் இன்ஜெக்டர் மூலம் 40 முதல் 50 மில்லிலிட்டர் அயோடின் கான்ட்ராஸ்ட் மருந்தை நொடிக்கு 4 அல்லது 5 மில்லிலிட்டர் வேகத்தில் செலுத்துகிறோம். அந்த மருந்து மூளையின் நாளங்களில் ஏறி இறங்கும் முக்கால் நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரையிலான காலத்தில், மூளையின் ஒரே பட்டையைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறோம். ஒவ்வொரு புள்ளியிலும் அயோடின் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் தங்கியது என்பதைக் கணக்கிட்டு, மென்பொருள் வண்ண வரைபடங்களைத் தருகிறது. எந்தப் பகுதி ஏற்கெனவே இறந்துவிட்டது, எந்தப் பகுதி இரத்தமின்றித் தவித்தாலும் இன்னும் மீட்கத்தக்கது என்பதை நரம்பியல் மருத்துவர் அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். பயனுள்ள, பலரைக் காப்பாற்றிய பரிசோதனை இது. அதை எடுத்ததே தவறு என்று எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் ஒரே பட்டையைத் திரும்பத் திரும்ப எடுப்பதால், ஒவ்வொரு சுற்றின் கதிரும் அதே தோலின்மீது, அதே முடிவேர்களின்மீது கூடிக்கொண்டே போகிறது. சாதாரண மூளை சிடிக்குத் திரையில் 60 மில்லிகிரே அளவில் காட்டும் இயந்திரம், முறையாக அமைக்கப்பட்ட பெர்ஃப்யூஷனுக்கே 500 மில்லிகிரே வரை காட்டலாம். இந்த இடத்தில் ஒரு நுட்பமான ஆபத்து இருக்கிறது. பெர்ஃப்யூஷன் என்றாலே எண் பெரிதாகத்தான் வரும் என்று ரேடியோகிராபர் முதல் நாளிலிருந்தே பழகிவிடுகிறார். பெரிதாக வரும் என்று பழகிய கண்ணுக்கு, நான்கு இலக்க எண்ணும் ஒரு பெரிய எண்தான்.

கதிரளவைக் கட்டுப்படுத்தும் வழிகள் அப்போதே அறியப்பட்டவை. இந்தப் பரிசோதனைக்கு 120 கிலோவோல்ட்டைத் தவிர்த்து 80 கிலோவோல்ட்டைப் பயன்படுத்துவது அவற்றில் முதன்மையானது. மின்னழுத்தம் குறையும்போது கதிர் வெகுவாகக் குறைகிறது. அயோடினின் பிரகாசமோ கூடுகிறது. படம் சற்று மணல்மணலாக வரும். ஆனால் இந்தப் பரிசோதனையில் தனித்தனிப் படத்தின் அழகுக்கு மதிப்பு குறைவு, ஏனென்றால் மருத்துவர் பார்ப்பது பல படங்களிலிருந்து கணக்கிடப்பட்ட வரைபடத்தைத்தான்.

அமைப்பில் நேர்ந்தது

2008 பிப்ரவரியில், பக்கவாத மருத்துவர்களுக்கு மேலும் பயனுள்ள தகவல் கிடைக்கும் என்ற நோக்கத்துடன், அந்த மருத்துவமனை இயந்திரத்துடன் வந்த அமைப்புகளை மாற்றிப் புதிய புரோட்டோகால் (ஒரு பரிசோதனைக்கான அமைப்புகளைப் பெயரிட்டுச் சேமித்த தொகுப்பு) ஒன்றை ஏற்படுத்தியது. இயந்திரத்துக்குள்ளேயே பொதிந்திருந்த ஓர் இயல்புநிலை அமைப்பைப் பற்றிய தவறான புரிதலே மிகைக்கதிருக்குக் காரணம் என்று மருத்துவமனை பின்னர் விளக்கியது. நோக்கம் நல்லதாக இருந்ததும், மாற்றம் பொறுப்பானவர்களால் செய்யப்பட்டதும் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள மிகவும் முக்கியம். அவசரத்தில் ஒருவர் கைதவறிச் செய்த பிழையாக இருந்திருந்தால் அது ஒரு நோயாளியோடு முடிந்திருக்கும். புரோட்டோகாலுக்குள் சேமிக்கப்பட்ட பிழை, அந்தப் பெயரை யார் தெரிவு செய்தாலும், பகலானாலும் இரவானாலும், பிசகாமல் மீண்டும் நடக்கும்.

பின்னர் வெளிவந்த விவரங்களில் அதிகம் பேசப்பட்டது, கதிரைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கி வசதி. மெல்லிய பகுதியில் மின்னோட்டத்தைக் குறைத்து, தடித்த பகுதியில் கூட்டுவது அதன் வேலை. வயிறு, மார்பு போன்ற இடங்களில் அது உண்மையிலேயே கதிரை மிச்சப்படுத்துகிறது, நானும் அன்றாடம் அதை நம்பியே வேலை செய்கிறேன். ஆனால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை அந்த வசதி தானாக முடிவு செய்வதில்லை. படத்தில் எவ்வளவு மணல்தன்மையை ஏற்கலாம் என்று நாம் கொடுக்கும் மதிப்பை இலக்காக வைத்துக்கொண்டு, அந்த இலக்கை அடையத் தேவையான மின்னோட்டத்தை அது செலுத்துகிறது. தெளிவான படம் வேண்டும் என்று கேட்டால், கேட்டதைக் கொடுப்பதற்காக அது மின்னோட்டத்தை உச்சவரம்புவரை ஏற்றிவிடும். கதிரைக் குறைக்கும் என்று பெயர்பெற்ற வசதி சில அமைப்புகளுடன் சேரும்போது கதிரைக் கூட்டிவிடும் என்ற செய்தி, அதை அன்றாடம் பயன்படுத்துபவர்களைச் சரியாகச் சென்றடைந்திருக்கவில்லை.

ஏன் எவரும் காணவில்லை

என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் மையம் இதுதான். அங்கே பணிபுரிந்த ரேடியோகிராபர்கள் பயிற்சியும் உரிமமும் பெற்றவர்கள். அந்த மருத்துவமனையும் அமெரிக்காவில் பெயர்பெற்றது. அலட்சியம் என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிட்டால் நாம் எதையும் அறிந்துகொள்ள மாட்டோம்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஃபிலிம் காலத்தில் எக்ஸ்ரே எடுத்தவர்களுக்கு, கதிர் அதிகமானால் ஃபிலிம் கறுத்துப்போகும் என்பது தண்டனையைப் போன்றது. டார்க் ரூமிலிருந்து அதைக் கையில் எடுத்துவரும்போதே தவறு தெரிந்துவிடும். மருத்துவர் அதைத் திருப்பி அனுப்புவார். சிடியிலும் டிஜிட்டல் எக்ஸ்ரேயிலும் அந்தத் தண்டனை மறைந்துவிட்டது. கதிர் குறைந்தால் படம் மணல்மணலாகி, உடனே கேள்வி வரும். கதிர் கூடினால் படம் மேலும் வழவழப்பாகும். எவரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எட்டு மடங்கு கதிரில் எடுக்கப்பட்ட மூளைப் படங்களில் குறையென்று கண்ணுக்குப் பட ஒன்றுமே இருந்திருக்காது. மிகைக்கதிரின் ஒரே அடையாளம் அந்த எண்தான். படத்தைப் பார்த்து வேலையை மதிப்பிடப் பழகிய தொழிலில், எண்ணைப் பார்த்து மதிப்பிடுவது இரண்டாம்பட்சப் பழக்கமாகவே இருந்துவந்தது.

அடுத்தது, ஒருவர் இந்தப் பரிசோதனையை எத்தனை முறை செய்திருப்பார் என்ற கேள்வி. பதினெட்டு மாதங்களில் 206 பேர் என்பதைக் கணக்கிட்டால், இரண்டரை நாளுக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும் ஒரு சிடி பிரிவில், மூன்று ஷிப்டுகளில் பலர் மாறி மாறி வேலை செய்யும்போது, ஒரே ரேடியோகிராபரின் கைக்கு இது வாரக்கணக்கில் ஒரு முறைதான் வந்திருக்கக்கூடும். நாளொன்றுக்குப் பத்து சாதாரண மூளை சிடி எடுப்பவர், திரையில் எண் சற்று மாறினாலும் நிமிர்ந்து பார்ப்பார். எப்போதாவது எடுக்கும் பரிசோதனைக்கு அந்த உள்ளுணர்வு உருவாவதே இல்லை. மேலும், புதிய புரோட்டோகாலுக்குப் பிறகு அந்த எண் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே மாதிரி வந்திருக்கும். சென்ற முறையும் இதுதான் வந்தது என்பதே அந்த எண்ணுக்குச் சாட்சியாகிவிடும்.

பக்கவாத நோயாளி வரும் சூழலையும் இங்கே சொல்லியாக வேண்டும். பெரிய நாளம் ஒன்று அடைபட்ட நிலையில், ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்ற கணக்கு 2006இல் வெளியானதிலிருந்து, உலகெங்கும் பக்கவாதக் குழுக்கள் நிமிடங்களை எண்ணியே ஓடுகின்றன. ஸ்ட்ரெச்சர் உள்ளே வரும்போது கதவருகே மருத்துவர் நிற்கிறார், நோயாளியின் ஒரு பக்கம் செயலற்றிருக்கிறது, பேச்சு வரவில்லை, தலையை அசைக்காமல் இருக்கச் சொன்னால் புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை. கேனுலா சரியாக ஓடுகிறதா, மருந்து வெளியே கசியுமா, சிறுநீரகத்தின் நிலை என்ன, முன்பு ஒவ்வாமை இருந்ததா, தலை நேராக இருக்கிறதா, கண்கள் கதிர்ப்பாதைக்கு வெளியே இருக்கின்றனவா என்று பத்து விஷயங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும்போது, நிர்வாகம் ஒப்புதல் தந்து சேமித்து வைத்த புரோட்டோகாலைச் சந்தேகிக்க மனத்தில் இடம் மிச்சமிருப்பதில்லை. சேமித்த புரோட்டோகாலே நாம் அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி. அதுவே தவறாக இருக்கும் என்று எண்ணுவது எளிதன்று.

கடைசியாக, நாங்கள் நோயாளியைச் சந்திப்பது கால் மணி நேரம்தான். அதற்குப் பிறகு பெரும்பாலும் சந்திப்பதே இல்லை. இந்த அளவுக் கதிரில் முடி அன்றைக்கே உதிராது. வளர்ச்சிப் பருவத்திலுள்ள முடிவேரின் அணுக்கள் விரைந்து பிரிபவை என்பதால் கதிருக்கு எளிதில் ஆட்படுகின்றன. ஏறத்தாழ 3 கிரே ஒரே நேரத்தில் சேர்ந்தால் அவை செயலிழந்து, இரண்டு மூன்று வாரங்கள் கழித்து முடி விழத் தொடங்குகிறது. அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். பல மருந்துகள் உட்கொண்டு, நோயிலிருந்து மீண்டுகொண்டிருக்கும் ஒருவர், தலையணையில் முடியைக் கண்டால் மருந்தையோ மனக்கவலையையோ தான் நினைப்பார். என்றோ எடுத்த ஸ்கேனை நினைக்கமாட்டார். மருத்துவமனை விசாரித்தபோது, பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 சதவீதத்தினர் திட்டுத்திட்டாக முடியை இழந்திருந்தது தெரியவந்தது. அதாவது எண்பது பேர் அளவுக்கு அந்த அடையாளத்தைத் தலையில் சுமந்திருந்தார்கள். அந்தச் செய்தி ஸ்கேன் அறையை வந்தடைய ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

கண்வில்லை குறித்த கவலை இதைவிட நீண்டது. முடி சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும். கண்புரை ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். கதிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 2011இல் கண்வில்லைப் பாதிப்புக்கான எல்லையை 0.5 கிரே என்று வெகுவாகக் குறைத்து மதிப்பிட்டது. பெர்ஃப்யூஷன் பட்டையைத் தேர்வு செய்யும்போது கண்குழியைத் தவிர்க்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இவ்வளவு காரணங்களையும் சொன்ன பிறகும், என் தொழிலின் பொறுப்பு இதில் குறைந்துவிட்டதாக நான் கருதவில்லை. புரோட்டோகாலை மாற்றியவர் அந்த அறையில் இல்லை. இயற்பியலாளர் இல்லை. படத்தைப் படிக்கும் மருத்துவர் வேறொரு அறையில் இருக்கிறார். எண்ணும் நோயாளியும் ஒரே நேரத்தில் கண்முன் இருக்கும் ஒரே ஆள் ரேடியோகிராபர். நாங்கள் மார்பில் டிஎல்டி பேட்ஜ் அணிகிறோம். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை அதை அனுப்பி, எங்கள் மீது எவ்வளவு கதிர் பட்டது என்பதைத் தெரிந்துகொள்கிறோம். நோயாளிக்குப் பேட்ஜ் கிடையாது. அவருக்கு இருப்பது கன்சோலிலுள்ள அந்த எண் மட்டுமே.

அந்த எண்ணின் பொருளையும் சரியாக அறிந்திருக்க வேண்டும். சிடிடிஐ வால்யூம் என்று நாம் சொல்வது நோயாளியின் உடலில் அளந்த கதிரன்று. தலைக்கான ஸ்கேனில் அது 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் உருளையில் கணக்கிடப்பட்ட மதிப்பு. மேசை நகராத பெர்ஃப்யூஷனில் அது தோலுக்குச் சேரும் உண்மையான கதிரைவிடக் கூடுதலாகவே காட்டும். இதைக் காரணம் காட்டி எண்ணைப் புறக்கணிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். துல்லியமான தோல் கதிரளவைத் தராவிட்டாலும், நேற்றைய அமைப்பையும் இன்றைய அமைப்பையும் ஒப்பிட அந்த எண் முழுமையாகப் போதும். எட்டு மடங்கை அது மறைத்திருக்காது.

அதே மாநிலத்தில் இன்னொரு நிகழ்வு

இதே 2008இன் ஜனவரியில், வடக்கு கலிபோர்னியாவின் ஆர்காட்டா நகரில், கட்டிலிலிருந்து விழுந்த இரண்டரை வயதுக் குழந்தையின் கழுத்துக்கு எடுக்கப்பட்ட சிடியில், ஒரே பகுதி 65 நிமிடங்களில் 151 முறை படமெடுக்கப்பட்டது. சில நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டிய பரிசோதனை அது. ஸ்கேன் செய்தவர் உரிமத்தை இழந்தார். இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்தே பலர் பேசுகிறார்கள். எனக்கு அவை வெவ்வேறு நோய்கள். ஆர்காட்டாவில் நடந்தது நேரம் போய்க்கொண்டிருப்பதை அருகிலிருந்த பெற்றோரே உணரக்கூடிய, ஒரு நாளில் வெளிப்பட்ட தவறு. லாஸ் ஏஞ்சலிஸில் நடந்ததில் ஒவ்வொரு ஸ்கேனும் சரியான நேரத்தில், சரியான முறையில், சரியான படத்துடன் முடிந்தது. கண்காணிப்பாளர் ஒருவர் அருகில் நின்று முழுவதையும் பார்த்திருந்தாலும், எண்ணைப் படிக்காதவரை, குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

பின்னர் நடந்தவை

எச்சரிக்கைக்குப் பிறகு மற்ற மருத்துவமனைகளும் தங்கள் பதிவுகளைத் தேடத் தொடங்கின. 2010 நவம்பரில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கணக்கைத் தொகுத்தபோது, கலிபோர்னியாவில் ஐந்து, அலபாமாவில் ஒன்று என ஆறு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 385 பேர் மிகைக்கதிர் பெற்றிருந்தனர். உற்பத்தியாளரின் குறிப்புப்படி பயன்படுத்தினால் இந்த இயந்திரங்கள் மிகைக்கதிர் தரமாட்டா என்பது அந்த நிர்வாகத்தின் முடிவு. அதே மூச்சில், கதிர் வழக்கத்தை மீறும்போது திரையில் எச்சரிக்கை வர வேண்டும், பெர்ஃப்யூஷனுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று உற்பத்தியாளர்களையும் கேட்டுக்கொண்டது. இயந்திரம் பழுதாகவில்லை என்பதும், இயந்திரத்தை மாற்றியாக வேண்டும் என்பதும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதை அந்த அறிக்கை ஏற்றுக்கொண்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு உண்டு.

கலிபோர்னியா 2010 செப்டம்பரில் சட்டமொன்றை நிறைவேற்றி, 2012 ஜூலை முதல் சிடியின் கதிரளவை ரேடியாலஜி அறிக்கையிலேயே பதிவு செய்ய வேண்டும் என்றது. எண் கன்சோலை விட்டு வெளியேறி, மருத்துவரும் நோயாளியும் படிக்கும் தாளுக்கு வந்தது இப்படித்தான். உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009 டிசம்பரில் மருத்துவமனைகளுக்குக் கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று நேராக எங்கள் நாற்காலியை நோக்கியது: ஒவ்வொரு பரிசோதனைக்கும் முன், திரையில் காட்டப்படும் கதிரளவு அந்த நோயாளிக்குப் பொருத்தமானதா என்று பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டும் என்று சொல்வது எளிது. எதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்பதே கேள்வி. தனியாக நிற்கும் எண் எதையும் சொல்வதில்லை. நான் வேலை செய்யும் கன்சோலின் பக்கத்தில், ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் வழக்கமாக வரும் எண்ணையும், அதைத் தாண்டினால் நிறுத்திக் கேட்க வேண்டிய எண்ணையும் எழுதிய தாள் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. புரோட்டோகாலில் எவர் கை வைத்தாலும், பொறியாளர் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் போனாலும், முதல் நோயாளிக்கு முன் அந்தத் தாளோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடுகிறோம். அதற்கு இரண்டு நிமிடங்கள் ஆகின்றன. இந்தியாவில் சிடி இயந்திரத்தை இயக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், குறிப்பிட்ட கால இடைவெளியில் தரப் பரிசோதனையும் கட்டாயம். ஆனால் ஒரு தரப் பரிசோதனைக்கும் அடுத்த தரப் பரிசோதனைக்கும் இடையில் ஒரு வாரத்தில் மாற்றப்படும் புரோட்டோகாலைப் பிடிக்க அந்தத் தாள்தான் இருக்கிறது.

இப்போது வரும் இயந்திரங்களில் இரண்டு அடுக்கு எச்சரிக்கை இருக்கிறது. 2010இல் வகுக்கப்பட்ட தரநிலையின்படி, திட்டமிட்ட கதிர் 1000 மில்லிகிரேயைத் தாண்டினால், ஸ்கேன் செய்பவர் தம் பெயரைப் பதிந்து உறுதி செய்த பிறகே இயந்திரம் மேலே செல்லும். 2008இல் அது இருந்திருந்தால் முதல் நோயாளியிடமே நின்றிருக்கும். ஆனால் 500 வர வேண்டிய இடத்தில் 950 வந்தால் அந்த எச்சரிக்கைப் பெட்டி திரையில் திறக்காது. அதற்கு அடுத்த அடுக்கு வேண்டும்: மூளை பெர்ஃப்யூஷனுக்கு அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் பரிந்துரைக்கும் 600 மில்லிகிரே என்ற அறிவிப்பு அளவு. அந்த அளவை ஒவ்வொரு மருத்துவமனையும் தன் புரோட்டோகாலுக்குள் பதிவு செய்துவைக்க வேண்டும். புதிய இயந்திரம் நிறுவப்பட்டதும் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். அது காலியாக இருந்தால், 600 என்று நிரப்பச் சொல்லிக் கேட்ட பிறகே பெர்ஃப்யூஷன் புரோட்டோகாலைப் பயன்பாட்டுக்கு எடுக்கிறோம்.